பெயர் சொல்லப்பட்டவர் பேசலாம்

அத்தியாயம் 14

நூற்று எண்பத்தாறு சோல், ஐம்பது சென்டிமோ. 'நவம்பர் ஐந்து' என்று பெயர் வைத்த எங்கள் குடியிருப்பின் தண்ணீர்க் கமிட்டிக்கு என் மனைவி நேலிதா பெயரில் இருந்த பாக்கி அது.

அதில் நூற்றிருபது, புதுத் தொட்டி கட்ட எங்கள் வீட்டுப் பங்கு. ஆறரை, மனுக்களை நகல் எடுத்த செலவு. இவை இரண்டிலும் தகராறு இல்லை. மிச்சமிருந்த அறுபதுதான் குடும்பத்தை இரண்டாக்கியது. ஜூன் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பொதுவேலைக்கு வராததற்கு, தடவைக்கு முப்பது என்று போட்ட அபராதம்.

இதைத் தொடர்ந்து படித்து வருகிற நீங்கள் புதன்கிழமை நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

கமிட்டியின் பொருளாளர் என் அக்கா ஹெனாரா. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவை நடத்துவதும் அவள்தான். புதன்கிழமை பாக்கிக்காரர்கள் பட்டியலைக் குழுவில் போட்டாள். ஏழு பெயர். கடைசிப் பெயர், 'வீடு 14, நேலிதா கிஸ்பே, 186.50.' அதோடு நிறுத்தியிருக்கலாம். கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: 'வேலைக்கு வராதவர்களுக்குத் தாகம் மட்டும் தவறாமல் வருகிறது.'

நேலிதா பதில் எழுதினாள். 'உங்கள் வாய்க்குப் பயந்துதான் நீங்கள் பெற்ற பிள்ளை நாட்டை விட்டே ஓடினான்.'

நாற்பத்திரண்டு வீடும் படித்தது. அடுத்த நிமிடம் அக்கா குழுவைப் பூட்டினாள். நிர்வாகிகள் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் பார்க்கலாம். அதற்கடுத்த நிமிடம் 'நேலிதா வெளியேறினார்' என்று நடுவில் ஒரு சாம்பல் நிற வரி வந்தது.

நான் அத்தனையையும் அன்று மாலை பஸ்ஸில் வரும்போது படித்தேன். மெதுவாகப் படிக்கிறவன் நான். ஒரு வரிக்குக் கோபப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். முழுக்கப் படித்து முடித்தபோது எனக்குக் கோபம் இல்லை. ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் மனைவி, பசிதான் இருந்தது.

இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை, வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு கேட்கும் பட்டியல் தண்ணீர் அலுவலகத்துக்குப் போகிறது. பாக்கி உள்ள வீட்டின் பெயர் அதில் இருக்காது. இன்று மாலை ஆறு மணிக்கு அக்கா கணக்குப் புத்தகத்தை மூடுவாள். அடுத்த பட்டியல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. இந்தப் பட்டியலுக்கே பதினேழு வருடம் ஆகியிருக்கிறது.

*

நான் வேலை செய்யும் கட்டடத்தில் காலை ஆறு மணிக்கு ஏறும்போதே போனை ஒரு மரப்பெட்டியில் போட்டுவிட வேண்டும். மேஸ்திரியின் உத்தரவு. பன்னிரண்டு மணிக்கு வாரக்கூலியோடு போனும் கைக்கு வந்தது. சிமெண்ட் ஒட்டிய விரலால் மூன்று முறை தேய்த்தபிறகு திறந்தது.

குழுவில் ஒரே ஒரு செய்தி. காலை 6.10. அக்கா போட்டது. 'நல்ல நாளாகட்டும் வெசினோக்களே, அக்கம்பக்கத்தாரே. தண்ணீர் லாரி கீழே வந்துவிட்டது. குழாயைப் பிடிக்க வீட்டுக்கு ஒருவர் வரவும்.'

நான் கலவை வாளியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீடு மேட்டின் உச்சியில் இருக்கிறது. லாரியின் ஹாரன் அங்கே கேட்காது. குழுவில் பார்த்தால்தான் உண்டு. நேலிதா குழுவில் இல்லை. குழுவில் இருந்த என் போன் பெட்டிக்குள் இருந்தது.

இரண்டு பஸ், ஒரு மூன்று சக்கர மோட்டோ, பிறகு இருநூற்றுப் பதினொரு படி. ஆகஸ்ட் மாதத் தூறல் படிகளைச் சோப்புப் போட்ட மாதிரி வைத்திருந்தது.

வாசலில் எங்கள் நீலப் பீப்பாய் கவிழ்ந்து கிடந்தது. காலிப் பீப்பாயைக் கவிழ்க்க வேண்டிய அவசியமே இல்லை. நான் பார்க்க வேண்டும் என்று கவிழ்த்திருக்கிறாள்.

"லாரி வந்துச்சாம்," என்றாள் நேலிதா.

"பன்னண்டு மணிக்குத்தான் பார்த்தேன்."

"பன்னண்டு மணிக்கு நான் செனோபியா வீட்டுலேருந்து மூணாவது வாளி தூக்கிட்டு வந்தேன். வாளிக்கு ஒரு புத்திமதி இலவசம்."

அடுப்பில் பருப்பு கொதித்தது. காலைகளில் நேலிதா படிகளின் அடியில் வண்டி போட்டு, ஆப்பிள் சேர்த்த கீன்வாக் கஞ்சியும் ரொட்டியும் விற்கிறாள். நாளைக்கான பானைகள் கழுவாமல் அடுக்கிக் கிடந்தன. எங்கள் மகள் யாதிரா, எட்டு வயது, கட்டிலில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"நான் போய்க் கட்டிட்டு வந்துடுறேன்," என்றேன். "மொத்தமும். கூலி கையில இருக்கு. இத்தோட முடிஞ்சிடும்."

"நூத்தி இருபத்தாறரையைக் கட்டு. அது நம்ம கடன். அறுபதைத் தொடாதே."

"நேலிதா, குழாய்."

"குழாய் யாருக்கு வேணும்? உனக்கா? தண்ணி தூக்குறது நான்." கரண்டியைப் பானையின் விளிம்பில் தட்டி வைத்தாள். "நீ போய் அந்த அறுபதைக் கட்டினா, ஜூன் மாசம் நான் இழுத்துப் போத்திட்டுத் தூங்கினேன்னு எழுதிக் குடுத்த மாதிரி. இவ வயித்தைக் கிழிச்சுப் போட்டிருந்தாங்க, இசித்ரோ. நீ கான்யெத்தேல எவனுக்கோ மாடி கட்டிட்டு இருந்தே. பதினோரு நாள் நான் ஆஸ்பத்திரி நடையில உக்காந்திருந்தேன்."

யாதிரா தலையைத் தூக்காமலே சட்டையைக் கொஞ்சம் உயர்த்தித் தழும்பைக் காட்டினாள். சாட்சி சொல்வது அவளுக்குப் பழகிவிட்டது.

விதி என்ன என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர முடியாது என்றால் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் சொல்ல வேண்டும். வீட்டில் சாவு விழுந்தால் மட்டும் விலக்கு. யாதிராவின் குடல்வால் வெடித்தது சனிக்கிழமை. சாவும் விழவில்லை.

"அப்ப என்னதான் வேணும் உனக்கு?"

"பேசவிடட்டும். என் பேரைப் போட்டாங்கல்ல, நானும் பேசுறேன். பேசி, ஓட்டுல தோத்துட்டேன்னா, கஞ்சிக் காசுல நானே கட்டுறேன். வாயைத் திறக்க விடாம ஒரு சென்டிமோ கிடையாது."

"நீ எழுதினதும் கொஞ்சமா?"

அவள் பருப்பைக் கிளறினாள். அது அடிப்பிடிக்கும் நிலையில் இல்லை.

*

நான் தலையாட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். ஆனால் சட்டைப் பையில் நூற்று எண்பத்தாறு ஐம்பதும் எண்ணி வைத்திருந்தேன். வாரம் முழுக்கச் சுமந்தவனுக்கு வீட்டிலாவது சுமை இறங்கினால் போதும் என்று தோன்றும். நியாயம் யார் பக்கம் என்று யோசிக்க முதுகு விடாது.

ஒன்பதாம் வீடு. அக்கா தையல் மெஷினில் சட்டைக் காலர்களை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் வயது ஐம்பத்தெட்டு. பக்கத்து மேசையில் கணக்குப் புத்தகம், அதன்மேல் அளவுகோல், அதன்மேல் போன்.

"சாப்பிட்டியாடா?"

"ஆச்சுக்கா."

பொய் என்று அவளுக்குத் தெரியும். ஒரு ரொட்டியையும் அவகாடோவையும் என் முன்னால் நகர்த்தினாள். நான் பணத்தை வைத்தேன். அவள் விரலை நனைத்து எண்ணினாள். ரசீதுப் புத்தகத்தைத் திறந்து 'நேலிதா' வரைக்கும் எழுதினாள். பேனா நின்றது.

"அவளுக்குத் தெரியுமா?"

நான் ரொட்டியைக் கடித்தேன்.

"கேக்குறேன்ல. அபராதத்தையும் சேர்த்துக் கட்டுறது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அக்கா அறுபது சோலைப் பிரித்து என் பக்கம் தள்ளினாள். "இதை எடுத்துக்கோ. அவ பேர்ல இருக்கிறதை அவளுக்குத் தெரியாம வாங்கி நான் வரவு வைக்க மாட்டேன். நாளைக்கு வந்து, நான் கட்டவேயில்லைன்னு நிப்பா. நிக்கிறவதான்."

"அப்ப அதைத் தள்ளிவிடேன்க்கா. குழந்தை ஆஸ்பத்திரில இருந்தது உனக்குத் தெரியாதா? நீதானே அவளுக்கு ஜெல்லி எடுத்துட்டுப் போனே?"

"ரெண்டு தடவ எடுத்துட்டுப் போனேன். அதுக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்?" மெஷினை நிறுத்தினாள். "இதுக்கு முன்னாடி பொருளாளரா இருந்தவர் முதல்ல மச்சானுக்கு அபராதத்தை விட்டார். பாவம், கால்வலின்னார். அப்புறம் பிள்ளைக்கு ஞானத்தாயான கொமாத்ரேக்கு விட்டார். கடைசில தொட்டிப் பணம் எங்க போச்சுன்னு அவருக்கே தெரியல. வேற யாரா இருந்தாலும் சபையில கேட்டுப் பார்ப்பேன். இவ என் தம்பி பொண்டாட்டி. உன் பொண்டாட்டிங்கிறதாலதான் விட முடியல."

இது எனக்குத் தோன்றாத பக்கம். நான் கொஞ்சம் மென்றேன்.

"சரி, விடாதே. ஆனா அவளைப் பேச விடலாம்ல? பேர் சொல்லப்பட்டவர் விதி உனக்கு மறந்துபோச்சா?"

"நான் எழுதினதை எனக்கே சொல்றியா?"

அவள்தான் எழுதினாள். பாய்த்தடுக்கும் கம்புமாக நாங்கள் இந்த மேட்டில் ஏறிய வருடம், யார் மனை எதுவரை என்று சபை கூடினால் கல் பறக்கும். என் இடது புருவம் அப்போது கிழிந்ததுதான். மறுநாள் சபைக் குறிப்பேட்டில் அக்கா ஒரு விதி எழுதி எல்லோரிடமும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கினாள். சபையில் ஒருவர் பெயரைச் சொன்னால், அடுத்துப் பேசும் உரிமை பெயர் சொல்லப்பட்டவருக்கு. மூன்று நிமிடம். யாரும் குறுக்கிடக் கூடாது. பெயரைச் சொன்னவர், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். அதன்பிறகு ஒரு கல்லும் பறக்கவில்லை.

"அது சபைக்கு," என்றாள் அக்கா. "இது போன்."

"அதே நாப்பத்திரண்டு வீடுதானே அதுலயும் உக்காந்திருக்கு? அவ எழுதினதுக்குத் திட்டு. ஒரு வாரம் பேசாம இரு. எதுக்குப் பூட்டினே?"

அக்கா போனை எடுத்தாள். இன்று காலை அவள் போட்ட லாரிச் செய்தியை அழுத்திப் பிடித்து, எதையோ திறந்து, என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"படி."

படித்தவர்கள் என்று ஒரு பட்டியல். பெயரும் நேரமும். நான் விரல் வைத்து இறங்கினேன். போர்ஃபிரியோ. செனோபியா. வீடு 22. வீடு 5. ஆறாவது பெயரில் விரல் நின்றது.

வில்டர். 6.14.

அவள் மகன். இரண்டு வருடமாகச் சிலியில், இக்கிக்கே துறைமுகத்தில் இருக்கிறான். ஒரு போன் இல்லை, ஒரு வரி இல்லை.

"குழுவிலேருந்து அவன் நம்பரை நான் எடுக்கல," என்றாள். "அவனும் வெளிய போகல. மறந்துட்டானோ என்னவோ. தினமும் லாரி வந்துச்சுன்னு போடுவேன். லாரி வராத அன்னைக்கு, இன்னைக்கு லாரி இல்லைன்னு போடுவேன். அப்புறம் இதைத் திறந்து பார்ப்பேன். படிச்சிருப்பான். சரி, உசுரோட இருக்கான், எழுந்துட்டான்னு தெரிஞ்சுக்குவேன்."

லாரி இல்லாத நாளிலும் ஏன் செய்தி வருகிறது என்று குடியிருப்பே கேலி செய்யும். நானும் செய்திருக்கிறேன்.

"அவ எழுதினாளே, புதன்கிழமை. அதையும் படிச்சான். 9.52." அக்கா போனைத் திருப்பி வைத்தாள். "அதுக்கு அவன் ஏதாவது எழுதிட்டா? ஆமா, அத்தை சொல்றது சரின்னு எழுதிட்டா? இல்ல, ச்சீன்னு குழுவை விட்டே போயிட்டா? எனக்கு இருக்கிறதே அந்த ஒரு வரிதான்டா. அதான் பூட்டினேன்."

நான் ரொட்டியைக் கீழே வைத்தேன்.

"அவன் ஏன் போனான்னு உனக்குத் தெரியும்ல?" என்றாள். "வேலைக்கு வராதவங்க பேரைச் சபையில படிச்சேன். அவன் பேரும் இருந்துச்சு. பேச எழுந்தான். நீ உக்காரு, நீ என் வீடுன்னு சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அடுத்த வாரம் பஸ் ஏறிட்டான்."

கடிகாரத்தில் மூன்றேகால்.

நான் அறுபது சோலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். வாசல்வரை வந்தபிறகு சொன்னேன். "அக்கா, பூட்டி வச்சாலும் அவன் படிச்சிட்டுத்தான் இருக்கான். தாகம்னு நீ எழுதினதையும் படிச்சிருப்பான்."

அவள் பதிலுக்கு மெஷினை மிதித்தாள்.

*

நான் படிகளில் பாதி ஏறியபோது போன் இரண்டு முறை அதிர்ந்தது.

'ஹெனாரா அமைப்பை மாற்றினார். எல்லோரும் எழுதலாம்.'

'ஹெனாரா, நேலிதாவைச் சேர்த்தார்.'

தொடர்ந்து அக்காவின் எழுத்து: 'வெசினோக்களே, புதன்கிழமை நான் வீடு 14-இன் பெயரைச் சொன்னேன். பெயர் சொல்லப்பட்டவர் பேசலாம். மூன்று நிமிடம். அவர் முடிக்கும்வரை யாரும் எழுத வேண்டாம்.'

வீட்டுக்குள் நுழைந்தபோது நேலிதா கவிழ்ந்த பீப்பாயின் மேல் போனோடு உட்கார்ந்திருந்தாள். நான் வில்டர் விஷயத்தைச் சொன்னேன். லாரி இல்லாத நாளின் செய்திகளைப் பற்றியும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு இடுப்பில் கட்டியிருந்த துணியால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"யாதிரா, நாயை அந்தப் பக்கம் விரட்டு," என்றாள். பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"நல்ல மதியமாகட்டும் வெசினோக்களே. பதினாலாம் வீட்டு நேலிதா பேசுறேன். முதல்ல ஒண்ணு. ஹெனாரா அண்ணி மகனைப் பத்தி நான் எழுதினது தப்பு. கோவத்துல வந்துடுச்சுன்னு சொல்ல மாட்டேன். எங்க வலிக்கும்னு தேடிப் பார்த்து எழுதினேன். தண்ணிக் கணக்குக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அண்ணிகிட்ட மன்னிப்புக் கேக்குறேன். அந்தப் பையன் எங்கேயாவது இதைக் கேட்டா, அவன்கிட்டயும் கேக்குறேன்.

"இப்ப அபராதம். அண்ணி கணக்குல ஒரு சென்டிமோ தப்பு கிடையாது. பட்டியல் போட்டதும் சரிதான், நானா இருந்தாலும் போட்டிருப்பேன். தாகம்னு ஒரு வரி போட்டாங்களே, அது வேண்டாம். பேரைப் போட்டுட்டுக் கதவைச் சாத்தினது வேண்டாம். இந்த விதியே எனக்கு ஒத்துக்கல. வெள்ளிக்கிழமையே சொல்லணுமாம். குடல்வால் வெள்ளிக்கிழமை சொல்லிட்டா வெடிக்கும்? நான் வேலைக்கு ஏமாத்தல. அந்த ரெண்டு ஞாயித்துக்கிழமைக்குப் பதிலா நாலு ஞாயித்துக்கிழமை தொட்டிக்கு மணல் சுமக்குறேன். அறுபதைத் தள்ளணும்னு கேக்குறேன். வேண்டாம்னு நீங்க ஓட்டுப் போட்டா கட்டிடுறேன், முகத்தைத் தூக்கி வச்சுக்க மாட்டேன். அவ்வளவுதான்."

இரண்டு நிமிடம் நாற்பது நொடி. விரலை எடுத்தாள்.

அக்காவின் பதில் வர எட்டு நிமிடம் ஆனது. அந்த எட்டு நிமிடமும் ஒருவரும் எழுதவில்லை. எங்கள் குழுவில் அது அதிசயம்.

"நேலிதா பேசினதை ரெண்டு தடவ கேட்டேன்," என்றது அக்காவின் குரல். "தாகம்னு எழுதினது என் தப்பு. கணக்குப் புத்தகத்துல அப்படி ஒரு கட்டம் கிடையாது. பூட்டினதும் தப்பு. ஆனா அபராதத்துல நான் ஒத்துக்கல. இவ என் தம்பி பொண்டாட்டி. முதல் தள்ளுபடியை இவளுக்குக் குடுத்தா நாளைக்கு என் கணக்கை யார் நம்புவீங்க? அதனால முடிவு என்னுது இல்ல, உங்களுது. வீட்டுக்கு ஒரு ஓட்டு. வீட்டு நம்பர் போட்டு ஆம், இல்லைன்னு எழுதுங்க. ஆறு மணிக்கு எண்ணுவேன். வீடு ஒன்பது, இல்லை."

பிறகு தனியாக என் போனுக்கு ஒரு வரி: 'ரெண்டு வாளி எடுத்துட்டு வா. என் பீப்பாய் நிறைய இருக்கு. அவளையும் வரச்சொல்.'

*

எழுதினால் நம்ப மாட்டீர்கள். மாலை ஐந்து மணிக்கு அக்காவின் மேசையில் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் நேலிதா. நடுவில் கணக்குப் புத்தகம். வாயால் ஒரு சொல் இல்லை. ஆளுக்கொரு போன்.

வீடு 5, ஆம். வீடு 22, இல்லை. வீடு 17, இல்லை. வீடு 40, ஆம், குழந்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது.

முப்பத்தோராம் வீட்டுச் செனோபியா எழுதினாள்: 'ஆஸ்பத்திரி நாடகமெல்லாம் நாங்களும் பார்த்திருக்கிறோம்.'

நேலிதாவின் கட்டைவிரல் எழுந்தது. நான் அவள் முழங்கையைத் தொட்டேன். அதற்குள் அக்கா எழுதிவிட்டாள்: 'வெசினா செனோபியா, மரியாதையோடு சொல்கிறேன். விதியைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். குழந்தையின் தழும்பை நான் பார்த்தேன்.'

அரை நிமிடத்தில் செனோபியாவின் செய்தி நீக்கப்பட்டது. இன்னும் அரை நிமிடத்தில், வீடு 31, ஆம்.

"அவளுக்கு என்ன ஆச்சு?" என்று நேலிதா வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"மூணு வாளிக்குப் புத்திமதி குடுத்தாள்ல. மனசாட்சி," என்றாள் அக்கா, புத்தகத்தைப் பார்த்தபடி. நேலிதா கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

ஐந்து முப்பத்தெட்டுக்கு இன்னொரு செய்தி வந்தது. நான் மெதுவாகத்தான் படிப்பேன் என்றாலும் இது சின்ன வரி.

வில்டர்: 'வீடு 9. ஆம்.'

அக்காவின் கையிலிருந்த பேனா மேசையில் உருண்டு என் பக்கம் வந்தது. நான் பிடித்தேன். அவள் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

ஒன்பதாம் வீட்டின் ஓட்டு ஏற்கனவே விழுந்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு ஒன்றுதான் என்று சொன்னதும் அவள்தான். இரண்டு வருடம் கழித்து மகன் வாய் திறந்திருக்கிறான். அதைச் செல்லாது என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் தன் வீட்டுக்கு மட்டும் இரண்டு ஓட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

அக்கா எழுத ஆரம்பித்தாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். நேலிதா எழுந்து அவள் பின்னால் போய் நின்றாள். படிப்பதற்கு இல்லை, சும்மா நின்றாள்.

செய்தி வந்தது.

'வில்டர், ஒன்பதாம் வீட்டுக்கு ஒரு ஓட்டுதான். அதை நான் போட்டுவிட்டேன். உன் ஓட்டை எண்ண முடியாது. ஆனால் உன் பெயர் இந்தக் குழுவில் சொல்லப்பட்டது. இரண்டு வருடம் முன்பு சபையிலும் நான் சொன்னேன், பேச விடவில்லை. உனக்கு மூன்று நிமிடம் இருக்கிறது. யாரும் குறுக்கிட மாட்டார்கள். நானும். சாப்பிட்டாயா?'

ஐந்து நாற்பத்தேழு. திரையின் உச்சியில் ஒரு வரி மின்னியது. வில்டர் குரல் பதிவு செய்கிறார்.

அது அணைந்தது. மறுபடி மின்னியது. அணைந்தது. மறுபடி மின்னியது.

ஐந்து ஐம்பத்தாறுக்கு வந்து விழுந்தது. இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு நொடி.

"அண்ணி, கேளுங்க," என்றாள் நேலிதா. "நாங்க வெளிய போறோம்."

"உக்காரு. ஆறு மணி ஆகட்டும். முதல்ல கணக்கு."

"அண்ணி."

"கேட்டுட்டேன்னா எனக்கு எண்ண வராது."

ஆறு மணிக்கு எண்ணினாள். விரலால் ஒரு தடவை, பேனா முனையால் ஒரு தடவை. ஆம், இருபத்திரண்டு. இல்லை, பதினேழு. எழுதாதவர்கள் மூன்று வீடு. முடிவைக் குழுவில் போட்டாள். 'வீடு 14-இன் அபராதம் தள்ளுபடி. நான்கு ஞாயிறு மணல். நான் எதிர்த்து ஓட்டுப் போட்டேன், தோற்றேன். வெள்ளிக்கிழமை விதியை மாற்றுவது பற்றி அடுத்த சபையில் பேசலாம்.'

பிறகு நேலிதாவைப் பார்த்தாள். "நான் இன்னும் ஒத்துக்கல."

"தெரியும் அண்ணி."

"நாளைக்குக் காலைல ஏழு மணி. லேட்டா வந்தா அதுக்குத் தனி அபராதம்."

"கஞ்சி வித்துட்டு ஏழேகாலுக்கு வர்றேன்."

"ஏழு."

"ஏழேகால் அண்ணி. உங்களுக்கு ஒரு கிளாஸ் எடுத்துட்டு வர்றேன்."

அக்கா அளவுகோலை எடுத்தாள். போன் அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. இக்கிக்கேயிலிருந்து வந்த அந்த இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு நொடி இன்னும் திறக்கப்படாமல் இருந்தது. அவள் அதைப் பார்க்காமல் பார்த்தாள்.

பதினான்காம் வீட்டின் வரியில் அளவுகோலை வைத்து, 186.50-இன் மேல் நேராக ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் எழுதினாள்: வரவு 126.50. தள்ளுபடி 60. பேனாவை நேலிதாவிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினாள். மை காய ஊதினாள்.

கடைசிக் கட்டத்தில், பாக்கி என்று தலைப்பிட்ட இடத்தில், 'இல்லை' என்று எழுதிப் புத்தகத்தை மூடினாள்.